பத்து நாள் டீடாக்ஸ் செட்டா, அம்மாவின் விளக்கெண்ணெயா?

கேள்வி: "எனக்கு வயது 46. பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிக்லாசைடும், பிரஷருக்குப் பெரிண்டோபிரிலும் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்) தருகிறார்கள். தீபாவளி முடிந்ததிலிருந்து வயிறு கனம், உடம்பு மந்தம், சரியாக வெளிக்கும் போகவில்லை. என் அண்ணி பத்து நாள் டீடாக்ஸ் செட் ஒன்று விற்கிறார். பகலில் ஜூஸ் பவுடர், ராத்திரி மூலிகை டீ, சாப்பாடு கிடையாது. குடலில் ஒட்டிக்கிடக்கும் பல வருஷக் கழிவு வெளியே வந்துவிடும் என்று படமும் காட்டுகிறார். அம்மாவோ, அதெல்லாம் எதற்கு, ஒரு நாள் விளக்கெண்ணெய் குடித்தால் போதும் என்கிறார். எது நல்லது?"

இரண்டும் வேண்டாம், சகோதரி. ஆனால் இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க மாட்டேன். அம்மா சொல்வதற்கு ஒரு காலத்தில் நல்ல காரணம் இருந்தது. அந்தக் காரணம் இப்போது உங்கள் உடம்பில் இல்லை, அவ்வளவுதான். அண்ணி சொல்வதற்குக் காரணமே இல்லை. நான் அரசாங்க மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது செபராங் பிறையில் ஒரு மருந்தகத்தில் பகுதி நேரமாக நிற்கிறேன். தீபாவளியோ சீனப் பெருநாளோ நோன்புப் பெருநாளோ, எது முடிந்தாலும் இந்தக் கேள்வி கவுண்டருக்கு வந்துவிடும்.

முதலில் அந்தப் படம். கரும்பச்சை நிறத்தில், ரப்பர் கயிறு மாதிரி, குடல் மடிப்பு அப்படியே அச்சு விழுந்த முழ நீளச் சமாச்சாரம் ஒன்றைக் காட்டியிருப்பார். பெட்டியைத் திருப்பி உட்பொருள்களைப் படியுங்கள். இந்த வகைச் செட்களில் பெரும்பாலும் இசப்கோல் உமி இருக்கும். சிலவற்றில் பெண்டோனைட் என்ற களிமண்ணும் இருக்கும். அரை கிளாஸ் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி இசப்கோலைப் போட்டுக் கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள், கரண்டியால் வெட்டி எடுக்கிற கூழாகிவிடும். அதோடு களிமண்ணும் சேர்ந்து, குடல் தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, குடலின் வடிவத்திலேயே இறுகி வெளியே வருகிறது. வந்தது பல வருஷக் கழிவு இல்லை. முந்தாநாள் காசு கொடுத்து வாங்கி விழுங்கியதுதான்.

கொலோனோஸ்கோப்பிக்கு முன்பு வயிற்றைக் காலி செய்ய மருந்து தருவார்கள். அதன்பின் கேமரா உள்ளே போனால் தெரிவது இளஞ்சிவப்பில் பளபளக்கும் சுவர். குடலின் உள்தோல் செல்கள் 3 முதல் 5 நாளுக்குள் உதிர்ந்து புதிதாக வளர்பவை. பல வருஷம் ஒட்டிக்கொண்டிருக்க அங்கே பழைய சுவரே கிடையாது.

பித்தக்கல்லை வெளியே தள்ள ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடிக்கச் சொல்கிற முறையும் இதே ஜாதி. 2005இல் 'தி லான்செட்' மருத்துவ இதழில் ஒரு பெண்மணியின் விவரம் வந்தது. அப்படிக் குடித்து வெளியே வந்த பச்சை உருண்டைகளை அவர் பத்திரப்படுத்தி டாக்டரிடம் கொண்டுபோனார். சோதித்தால் பித்தக்கல்லில் இருக்க வேண்டிய கொலஸ்ட்ராலும் இல்லை, பிலிருபின் என்ற பித்த நிறமியும் இல்லை. எண்ணெயும் சாறும் வயிற்றில் சேர்ந்து உண்டான சோப்பு. பாதத்தில் ஒட்டிக்கொண்டு தூங்கினால் காலையில் கறுத்துப்போகும் பட்டைகளுக்குத் தண்ணீர் தெளித்தாலே போதும், கறுக்கும். உப்புத் தண்ணீரில் காலை வைத்துக் கரண்ட் விடும் தொட்டியில் வருகிற பழுப்பு நிறம் அந்த இரும்புத் தகட்டின் துரு. கால் வைக்காமல் ஓடவிட்டுப் பாருங்கள், அப்போதும் வரும்.

நிஜமான நஞ்சுக்குப் பெயர் இருக்கும், அளவு இருக்கும். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மலிவு மதுவில் மெத்தனால் கலந்து பலர் செத்துப்போனார்கள், நினைவிருக்கும். மெத்தனாலை இரத்தத்தில் அளக்கலாம். அதற்கு மாற்று மருந்து உண்டு. டயாலிசிஸ் போட்டு வெளியேற்றலாம். நஞ்சு நீக்கம் என்றால் அதுதான். செட் விற்பவரிடம் என் உடம்பில் எந்த நஞ்சு, எவ்வளவு இருக்கிறது, பத்து நாளில் எவ்வளவு குறையும் என்று கேளுங்கள். 'டாக்சின்' என்ற ஒரே சொல்லைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். 2015இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். கடையில் விற்கும் டீடாக்ஸ் உணவுமுறை ஒன்றையாவது முறையான ஒப்பீட்டுச் சோதனையில் வைத்துப் பார்த்ததாக எதுவும் அகப்படவில்லை.

கல்லீரலும் சிறுநீரகமும் இந்த வேலையைத் தினமும் செய்கின்றன. சிறுநீரகங்கள் ஒரு நாளில் வடிகட்டும் நீர் சுமார் 180 லிட்டர். அதில் ஒன்றிரண்டு லிட்டரைத்தான் வெளியே விடுகின்றன, மிச்சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. இவை இரண்டும் நின்றுபோனால் எந்த ஜூஸும் உதவாது. ஓடிக்கொண்டிருக்கும்போது எந்த ஜூஸும் தேவையில்லை.

'ஆனால் மூன்று கிலோ குறைந்ததே' என்பார்கள். குறையும். உடம்பு சர்க்கரையைக் கிளைக்கோஜனாகக் கல்லீரலிலும் தசையிலும் 400, 500 கிராம் வரை சேர்த்து வைக்கிறது. ஒவ்வொரு கிராமும் தன்னோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. சாப்பாட்டை நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாளிலேயே இந்த இருப்பும் தண்ணீரும் போய்விடும். குடலும் காலி. அதுதான் அந்த மூன்று கிலோ. பதினோராவது நாள் ஒரு தட்டு நாசி லெமாக் உள்ளே போனதும் திரும்பி வர ஆரம்பிக்கும்.

இவ்வளவும் காசு நஷ்டம் பற்றிய பேச்சு. உங்கள் விஷயத்தில் எனக்குக் கவலை வேறு. உங்கள் மாத்திரைகள்.

கிளிக்லாசைடு, நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும், கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டுப் பசியாறாமல் ஒரு கிளாஸ் பவுடர் தண்ணீரோடு நிறுத்தினால் பதினொரு மணிக்குக் கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், பார்வை மங்கும். செட் விற்பவர்கள் இதற்கு 'உடம்பிலிருந்து டாக்சின் வெளியேறும் அறிகுறி, பயப்படாதீர்கள், தொடருங்கள்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இதைவிட ஆபத்தான அறிவுரையை நான் கேட்டதில்லை. அது சர்க்கரை விழுவதன் அறிகுறி. உடனே இனிப்பு ஏதாவது குடிக்காவிட்டால் மயக்கம், வலிப்பு வரை போகும். காரோட்டிக்கொண்டிருந்தால் சொல்லவே வேண்டாம்.

அடுத்து ராத்திரி டீ. இதில் அநேகமாக நிலாவாரை இலை இருக்கும். பெட்டியில் சென்னா என்று போட்டிருப்பார்கள். நம் திருநெல்வேலிச் சீமையில் விளைந்து, தூத்துக்குடியில் கப்பலேறி, உலகம் முழுக்கத் திருநெல்வேலிச் சென்னா என்றே பெயர் வாங்கிய இலை. அதைச் சீன எழுத்துப் போட்ட பெட்டியிலோ ஆங்கிலப் பெயர் போட்ட பையிலோ அடைத்து நமக்கே மெலிவு டீயாக விற்கிறார்கள். இலையைக் குறை சொல்லவில்லை. மலச்சிக்கலுக்கு அரசாங்க மருத்துவமனையிலும் அதன் சத்தைத்தான் மாத்திரையாகத் தந்திருக்கிறோம். பெருங்குடலில் போய் வேலை செய்ய 6 முதல் 12 மணி நேரம் ஆகும். அதனால்தான் ராத்திரி குடிக்கச் சொல்கிறார்கள், விடியும்போது சுத்தமான மாதிரி ஒரு உணர்வு வரட்டும் என்று. ஓரிரு நாள் குடித்தால் ஒன்றும் ஆகாது. பத்து நாள், இருபது நாள் என்று போனால் தண்ணீரோடு பொட்டாசியமும் போகும். பொட்டாசியம் இறங்கினால் கால் தசை பிடிக்கும், இதயத் துடிப்பு தடுமாறும். பழகிவிட்டால் டீ இல்லாமல் குடல் நகர மறுக்கிறது என்று வந்து நிற்பவர்கள் உண்டு.

பேதியாகித் தண்ணீர் வற்றிய உடம்பில் பெரிண்டோபிரில் இருந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டம் இன்னும் குறையும். சிறுநீரகம் சுணங்கினால் மெட்ஃபார்மின் வெளியேறாமல் தேங்கும். அபூர்வமாக இரத்தம் அமிலமாகி ஐசியூவில் படுக்க வைக்கும். மூன்று மாத்திரையும் நல்ல மாத்திரைதான். பட்டினியும் பேதியும் சேரும்போதுதான் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகக் காலை வாருகின்றன. இதே காரணத்தால்தான் வாந்தி பேதி வந்தால் இந்த மாத்திரைகளைப் பற்றி உடனே கேளுங்கள் என்று கிளினிக்கில் சொல்வார்கள். உங்களைப் போல் நிறையப் பேர் இருக்கிறார்கள்: 2023 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய், கிட்டத்தட்ட ஆறு பேரில் ஒருவர். இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். டீடாக்ஸ் செட்டின் வாடிக்கையாளர்களும் அவர்களேதான்.

இப்போது அம்மாவிடம் வருகிறேன். விளக்கெண்ணெய் நம் வீடுகளில் சும்மா வந்ததல்ல. ரப்பர் தோட்டத்தில் வெறுங்காலோடு பால் வெட்டப் போன தலைமுறைக்குக் கொக்கிப்புழு பெரிய தொல்லை. மண்ணில் இருக்கும் புழுக்குஞ்சு பாதத்தோல் வழியாக ஏறி, குடலில் போய்க் கடித்துக்கொண்டு இரத்தம் குடிக்கும். ஆள் வெளிறி, மூச்சு வாங்கி, வேலை செய்ய முடியாமல் போவார். அன்றைக்கு எஸ்டேட் டிரஸ்ஸர் (தோட்டத்து மருத்துவ உதவியாளர்) புழுவை மயக்க ஒரு மருந்தும், அதை வெளியே தள்ள ஒரு பேதி மருந்தும் கொடுத்தார். வீட்டிலும் பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, கருப்புக் காப்பியில் விளக்கெண்ணெயைக் கலந்து மூக்கைப் பிடித்து ஊற்றுவார்கள். மத்தியானம் குழைந்த சோறும் மிளகு ரசமும்தான். எங்கள் பாட்டி அந்தக் காப்பி டம்ளரைத் தனியாகவே வைத்திருந்தார், வேறெதற்கும் எடுக்க மாட்டார், அதில் எண்ணெய் வாடை போகாது. இன்றைக்குச் செருப்பும் கழிவறையும் வந்துவிட்டன. புழு இருந்தாலும் 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் ஒரே வேளையில் முடித்துவிடும். கர்ப்பிணிகள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

சித்த வைத்தியத்தில் நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதிக்கு எடுக்கச் சொல்லியிருக்கிறதே என்று கேட்பீர்கள். ஆமாம், சித்தர் தேரையரின் பாட்டில் இருக்கிறது. அதே பாட்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாந்திக்கு எடுக்கவும் நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்குப் போடவும்கூடச் சொல்லியிருக்கிறது; மற்றதையெல்லாம் விட்டுவிட்டுப் பேதியை மட்டும் பிடித்துக்கொள்கிறோம். ஒழுங்கான சித்த வைத்தியர் நாடி பார்த்து, வயதும் பலமும் பார்த்து, மெலிந்தவர்களுக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் கொடுப்பார். விளக்கெண்ணெய் குடலை முறுக்குவது போலவே கர்ப்பப்பையையும் முறுக்கும். இன்றைக்குச் சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்து, மூன்று மாத்திரை ஓடிக்கொண்டிருக்கிற உடம்பையும் அவர் அந்தப் பட்டியலில்தான் சேர்ப்பார் என்று நினைக்கிறேன். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், கோபப்பட மாட்டார்.

மூலிகை என்றாலே எதிரி இல்லை. வேலியோரக் கீழாநெல்லியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1988இல் சென்னை ஆய்வாளர்கள் ஹெபடைட்டிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்ததில், 59 விழுக்காட்டினரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்ததாக லான்செட்டிலேயே வந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு நாடுகளில் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. முதல் ஆய்வைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மஞ்சள் காமாலைக்கு அதை மட்டும் நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பது தப்பு. நிலவேம்பு, மலாய்க்காரர்களின் ஹெம்பெடு பூமி, சர்க்கரையைக் கொஞ்சம் இறக்கக்கூடியது. கிளிக்லாசைடோடு அது சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பூனைமீசை நீரைப் போக்கும். வற்றிய உடம்பை மேலும் வற்ற வைக்கும். குழம்பில் போடும் மஞ்சள் ஒன்றும் செய்யாது. ஆனால் மிளகுச் சத்தோடு சேர்த்து உறிஞ்சுதலைக் கூட்டிய மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பார்த்துத்தான் 2023இல் ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விட்டது. கல்லீரலைச் சுத்தப்படுத்தப் போய் கல்லீரலைக் கெடுத்துக்கொண்ட கதை.

ஜூஸ் பைத்தியம் பிடித்தவர்களுக்கு ஒன்று. பெலிம்பிங் பழம், அந்த நட்சத்திரப் பழம், நல்ல சிறுநீரகம் உள்ளவர் ஒன்றிரண்டு துண்டு சாப்பிட்டால் பிரச்சினை இல்லை. சிறுநீரகம் பழுதானவருக்கு அது விஷம்: விக்கல் நிற்காமல் வரும், குழப்பம், வலிப்பு, உயிரே போகலாம். அதன் தம்பி பெலிம்பிங் பூலோவைக் கொலஸ்ட்ராலுக்கு என்று வெறும் வயிற்றில் சாறாகக் குடித்தவர்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்ததாகக் கேரளாவிலிருந்து மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது. நீரிழிவு பல வருஷமாக இருந்தால் சிறுநீரகம் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாமல் இந்தச் சாறுகளின் பக்கம் போகாதீர்கள்.

செட்டை எப்படிச் சோதிப்பது என்றால், 'மால்' (MAL) என்ற பதிவு எண்ணைத் தேடுங்கள். 'மால்' என்று தொடங்கி எட்டு இலக்கம், பிறகு ஓர் எழுத்து வரும்: பாரம்பரிய மருந்துக்கு 'டி', சத்து மாத்திரைக்கு 'என்'. கூடவே ஹாலோகிராம் ஸ்டிக்கர். பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் இணையத்தில் அந்த எண்ணை அடித்தால் பொருளின் பெயரும் உற்பத்தியாளரும் வரும். பெட்டியில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். எண் இருந்தால் குணமாக்கும் என்று அர்த்தமில்லை. ஈயம், பாதரசம், கிருமி, மேல்நாட்டு மருந்துக் கலப்படம் பற்றிய குறைந்தபட்சச் சோதனை நடந்திருக்கிறது என்று மட்டும் அர்த்தம். அதுவே பெரிய விஷயம். 2004இல் அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்ததில் ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. பவுடர் பாக்கெட்டுகள் பெரும்பாலும் உணவுப்பொருளாக விற்கப்படுவதால் மால் எண்ணே இருக்காது. அப்போது 'கேகேஎம் லூலுஸ்' (சுகாதார அமைச்சு அங்கீகரித்தது) என்று சொல்லி மெஸ்தி சான்றிதழைக் காட்டுவார்கள். மெஸ்தி என்பது உணவு தயாரிக்கும் இடத்தின் பாதுகாப்புக்கும் சுத்தத்துக்கும் தரப்படுவது. உங்கள் கொழுப்பைக் கரைக்கும் என்பதற்கு அல்ல.

குடித்த அன்றே பசி அடங்கி, வாய் உலர்ந்து, நெஞ்சு படபடத்தால் அது மூலிகையின் வேலையாக இருக்காது. சிபுட்ராமின் என்ற பசியடக்கி மருந்து இதயத்துக்கும் மூளைக்கும் ஆபத்து என்று 2010இல் அமெரிக்கா, ஐரோப்பா உட்படப் பல நாடுகளில் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. அதற்குப் பிறகும் நம் சுகாதார அமைச்சு பிடிக்கும் மெலிவுக் காப்பிகளிலும் மாத்திரைகளிலும் அந்தப் பெயர் வந்துகொண்டேதான் இருக்கிறது.

சரி, தீபாவளி மந்தத்துக்கு என்ன செய்யலாம்? மிச்சமிருக்கும் முறுக்கு டின்னை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடுங்கள். தே தாரிக்கை நிறுத்த முடியாவிட்டால் பால் இல்லாமல் சீனி குறைத்து தே ஓ கேளுங்கள். மலச்சிக்கலுக்கு, அந்தச் செட்டில் இருக்கும் அதே இசப்கோல் உமி மருந்தகத்தில் தனியாக, பல மடங்கு மலிவாகக் கிடைக்கும். ஒரு தேக்கரண்டி, நிறையத் தண்ணீரோடு, மாத்திரைகளுக்கு இரண்டு மணி நேரம் தள்ளி. கீரை, காய்கறி, சாயங்காலம் அரை மணி நடை. ஒரு வாரத்தில் வயிறு வழிக்கு வரும். வராவிட்டால், அல்லது மலத்தில் இரத்தம் தெரிந்தால், காரணமில்லாமல் எடை இறங்கினால், அது டீடாக்ஸ் சமாச்சாரமே இல்லை, டாக்டரைப் பார்க்க வேண்டும். ஸ்கேனில் கல்லீரல் கொழுப்பு என்று வந்திருந்தால், உடல் எடையில் 7 முதல் 10 விழுக்காடு மெதுவாகக் குறைப்பதுதான் அதற்கு நிரூபிக்கப்பட்ட வைத்தியம்.

தைப்பூச விரதம் பிடிப்பவர்கள் உடம்பு லேசானதாகச் சொல்வதை நான் நம்புகிறேன். பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுக்கும் எங்கள் சொந்தக்காரர்களே சாட்சி. அந்த நாட்களில் பீர் இல்லை, நடுராத்திரி மாமாக் கடை இல்லை, பொரித்த கோழி இல்லை. உள்ளே போகாததால் வந்த சுகம் அது. நீங்களும் பிடிக்கலாம், ஒரு வேளைச் சாப்பாடு என்று வைத்துக்கொள்வதாக இருந்தால் மட்டும் கிளிக்லாசைடு அளவை மாற்ற வேண்டியிருக்கும், முன்கூட்டியே கிளினிக்கில் கேளுங்கள்.

பாரம்பரிய வைத்தியம்தான் மனத்துக்கு நிறைவு என்றால் அதற்கும் வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டுப் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தின் கீழ் சித்தமும் ஆயுர்வேதமும் அங்கீகரிக்கப்பட்ட துறைகள். அரசாங்க மருத்துவமனையில் முதன்முதலாக 2007இல் பாரம்பரிய வைத்தியப் பிரிவு தொடங்கியதே உங்களுக்குப் பக்கத்தில், கெப்பாலா பத்தாஸில்தான். யாரிடம் போனாலும் மூன்று மாத்திரையின் பெயரையும் சொல்லுங்கள்.

ஒருவேளை அண்ணி மனம் நோகக்கூடாது என்று ஏற்கனவே குடிக்க ஆரம்பித்திருந்தால், இன்றோடு நிறுத்துங்கள். நடுக்கமும் வேர்வையும் வந்தால் சர்க்கரையைச் சோதித்து, குறைவாக இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள், கால் மணி கழித்துத் திரும்பச் சோதியுங்கள். சோதிக்கும் கருவி கையில் இல்லையென்றால் அதற்காகக் காத்திருக்காமல் குடித்துவிடுங்கள். கண் மஞ்சளானால், சிறுநீர் காப்பி ஓ நிறத்தில் போனால், நெஞ்சு படபடத்தால், சிறுநீரே குறைந்தால், அன்றே மருத்துவமனை. அங்கே டாக்டருக்குச் சந்தேகம் வந்தால் பினாங்கு மிண்டனில் யுஎஸ்எம் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் தேசிய நச்சு மையத்தைக் கூப்பிட்டுக் கேட்பார். அதனால் வெட்கப்பட்டுக்கொண்டு பெட்டியைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பெட்டி, மிச்சப் பாக்கெட், டீப் பை, எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப் போங்கள். உள்ளே என்ன இருந்தது என்று தெரிந்தால்தான் எதைப் பார்ப்பது என்று அவர்களுக்குத் தெரியும்.